நானே திறந்து பார்த்தேன்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் ஒதுக்கிக்கொள்ளுங்கள் தம்பி. பயப்பட வேண்டாம், சூடெல்லாம் இருக்காது. பெட்ரோலைக் கடையிலேயே வடித்துவிட்டார்கள். வெடிக்காது. ஓடினால்தானே வெடிப்பதற்கு. கண்டக்டர் முதலில் ஏற்றவே மாட்டேன் என்றார். சட்டம் என்ன சொல்கிறதோ அதன்படி லக்கேஜ் டிக்கெட் போடுங்கள் என்றேன். பெருசு சட்டம் பேசுது என்று டிரைவரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே கிழித்துக் கொடுத்தார். சிரிக்கட்டும். பஸ் தொழிலாளிகளுக்காக நான் நடுரோட்டில் படுத்தபோது அவர் பிறந்தே இருக்க மாட்டார்.

நீங்கள் ஈரோடு வரைக்குமா? நல்லது. நான் பள்ளிபாளையம். ஊருக்குள் போவதற்கு முன்னாலேயே, பட்டறை ஸ்டாப்பில் இறங்கிவிடுவேன். அப்போது ஒரு கை கொடுத்தால் போதும்.

ஜெனரேட்டர்தான். சின்னது. இது வந்த அட்டைப் பெட்டியில் ஒரு பெண் ஒற்றைக் கையால் இதைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிற மாதிரி படம் போட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் எனக்கு.

சரியாகிவிட்டதா என்றுதானே கேட்கிறீர்கள்? அதைத்தான் சொல்ல வருகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு மெஷின் ரிப்பேர் ஆனதா ஆகவில்லையா என்பதல்ல இங்கே பிரச்சினை. அப்படித்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். என் மகளே அப்படித்தான் பார்க்கிறாள்.

என் பெயர் அங்கமுத்து. நோட்டீஸ் அங்கமுத்து என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையா. உங்கள் வீட்டில் யாராவது தறி ஓட்டியிருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் இரண்டு ஊரிலும் என் கை எழுதிய துண்டறிக்கை ஒட்டாத சுவர் கிடையாது. எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில்தான். வியட்நாம் எங்கே இருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டது ஒரு துண்டறிக்கையில். சிறுநீரகம் உடம்பில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டதும் ஒரு துண்டறிக்கையில்தான். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். பட்டம் வாங்கினவர்கள் எழுதித் தருகிறேன் என்று வருவார்கள். எழுதிக் காட்டுவார்கள். படித்தால் தூக்கம் வரும்.

துண்டறிக்கைக்கு ஒரு முறை இருக்கிறது தம்பி. 'கேள்விப்பட்டோம்' என்று எழுதக்கூடாது. 'சொல்லப்படுகிறது' என்று எழுதக்கூடாது. அப்படி எழுதினால் அந்தக் காகிதத்தில் போண்டா மடிப்பார்கள். நான் கண்டேன், நான் அங்கே நின்றேன், நானே என் கையால் தொட்டேன் என்று எழுத வேண்டும். அப்போதுதான் படிக்கிறவன் டீக் கிளாஸைக் கீழே வைப்பான். நூற்பாலையில் இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தால் இருபது பெண்கள் என்று எழுதுவேன். அது பொய் இல்லை. அந்தப் பதினெட்டுப் பேரும் நாளைக்கு விழப்போகிறவர்கள்தானே. நடக்க வேண்டியதை முன்கூட்டி எழுதுவது. இந்த நுணுக்கம் ஜெனரேட்டர் கம்பெனிக்காரனுக்குப் புரியவில்லை. அங்கேதான் வந்து நிற்கிறது எல்லாம்.

வரிசையாகவே சொல்கிறேன்.

என் மனைவி பெயர் பாவாயி. நெஞ்சில் பஞ்சுத் தூசு அடைத்துக்கொண்டு அவளுக்கு மூச்சு முட்டுகிறது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி வீட்டில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், ஆக்சிஜன் மெஷின் மாட்டிவிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். காற்றை இழுத்து, சுத்தம் செய்து, மூக்குக்குக் குழாயில் அனுப்புகிற மெஷின். அதற்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பாவாயிக்கு மூச்சு போகும். அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் இருக்கிறது, அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். எங்கள் லைன் வீட்டுப் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் என் மகள் சேலத்தில் ஒரு கடையில் இந்த ஜெனரேட்டரை வாங்கி அனுப்பினாள். மகள் பெயர் விடுதலைச்செல்வி. வைத்தவன் நான். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள், அங்கே செல்வி என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கேட்டால், பேட்ஜில் இடம் பத்தவில்லை என்கிறாள். பில்லை என் பெயரில் போடச் சொன்னவன் நான். மகள் வாங்கிக் கொடுத்ததை மகள் பெயரில் வைத்துக்கொண்டு அனுபவிக்கிறவன் இல்லை நான்.

இந்தத் தூசு பாவாயி நெஞ்சுக்குள் எப்படிப் போனது என்று கேளுங்கள். வையாபுரி பட்டறை. பெரிய தறிப்பட்டறை, நான் இறங்குகிற ஸ்டாப்பே அதன் பெயரில்தான். நானும் அங்கே தறி ஓட்டினவன்தான். போனஸ் வேலைநிறுத்தத்தில் எல்லோரையும் வெளியே நிறுத்தினோம். கடைசியில் வையாபுரி சொன்னான், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவன் உள்ளே வரலாம் என்று. ஒவ்வொருவனாக எழுதினான். என்னோடு ஜெயிலில் கிடந்தவனெல்லாம் எழுதினான். நான் எழுதவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பட்டறையிலும் எனக்கு வேலை கிடையாது. குடும்பம் எப்படி நடந்தது என்கிறீர்களா? பாவாயி அதே பட்டறையில் நூல் சுற்றப் போனாள். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தாள். வருடக்கணக்காகப் பார்த்தாள். போராளியின் மனைவி என்றால் அப்படித்தான். ஒரு வார்த்தை முணுமுணுத்தது கிடையாது. அந்தத் தூசுதான். வையாபுரி கொடுத்த வியாதி. அந்தக் கேட்டுக்குள் செங்கொடியோடு நுழைவேனே தவிர வெறுங்கையோடு கால் வைக்க மாட்டேன் என்று அன்றைக்கே கூட்டத்தில் சொன்னேன். இன்றுவரை வைக்கவில்லை.

மெஷினுக்கு வருகிறேன். வந்த புதிதில் நன்றாக ஓடியது. பிறகு ஒரு புத்தி வந்தது அதற்கு. பல்பு போட்டால் எரியும். ஃபேன் போட்டால் சுற்றும். ஆக்சிஜன் மெஷினை மாட்டினால் மட்டும் ஓல்டேஜ் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் ஆக்சிஜன் மெஷின் கீகீ என்று கத்திவிட்டு நின்றுவிடும். பாவாயி கையைக் காட்டுவாள், அணைத்துவிடுங்கள் என்று. பேச முடியாது அவளால் அந்த நேரத்தில்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்துங்கள் என்றது ஒரு பெண் குரல். அழுத்தினேன். தமிழில் சொன்னது, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று. அதோடு பாட்டுப் போட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. பாட்டுக்கு மேலேயே பேசினேன், உழைக்கும் மக்களின் சார்பில் பேசுகிறேன் என்று தொடங்கி. பாவாயி படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "எதுக்குங்க பாட்டுகிட்டப் பேசீட்டு இருக்கறீங்க?" என்றாள்.

அப்புறம் மெஷினைத் தூக்கிக்கொண்டு சேலத்துக் கடைக்கே போனேன். கடைக்காரர் பெயர் நாச்சிமுத்து. சின்ன வயது, நெற்றியில் பட்டை. சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் சண்டை போடவில்லை. மெக்கானிக்கை விட்டு, மூடியைத் திறக்காமலேயே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஓல்டேஜைச் சமப்படுத்துகிற போர்டு ஒன்று உள்ளே இருக்கிறதாம், அது பிறவியிலேயே கோளாறாம். கம்பெனியிலிருந்துதான் வர வேண்டும், வெளியில் கிடைக்காது. வாரண்டி இருக்கிறது, செலவில்லை, வர ரெண்டு மூணு வாரம் ஆகும் என்றார். என் மனைவி மூச்சு ரெண்டு மூணு வாரம் காத்திருக்குமா என்று கேட்டேன். மேஜையை விட்டு எழுந்தார். பிறகு கடை முகப்பில் காட்சிக்கு வைத்திருந்த மெஷினைக் கழற்றிக் கொடுத்தார். "அம்மாவுக்கு இத வச்சு ஓட்டுங்கய்யா. உங்க மெசினு சரியானதும் திருப்பிக் குடுத்தாப் போதும்" என்றார்.

மற்றவனாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். நான் கும்பிடவில்லை. இதுதான் அனுபவம். முதலாளி ஒன்று கொடுக்கிறான் என்றால் அவனிடம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். இடைக்கால நிவாரணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன சங்கம் எதுவும் பிழைத்ததில்லை. வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கின சூட்டோடு அடுத்த கட்டத்தை அறிவிக்க வேண்டும். அன்றைக்கே பஸ்ஸில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். கோரிக்கைகள்: பழுதான மெஷினுக்குப் பழுதுபார்ப்பு அல்ல, புது மெஷின். பகிரங்க வருத்தம். இந்த மாதிரி மெஷின் வாங்கின எல்லோருக்கும் அதே நிவாரணம்.

ஜெனரேட்டர் ஓடியதா? ஓடியது. அந்தக் காட்சி மெஷின் தங்கமாக ஓடியது. பாவாயி ராத்திரியெல்லாம் தூங்கினாள். மகள் போனில் சொன்னாள், "அப்பா, போர்டு வர்ற வரைக்கும் நீங்க சும்மா இருந்தாலே போதும்" என்று. சும்மா இருப்பது. ஒரு காலத்தில் என் தோளில் உட்கார்ந்து கோஷம் போட்ட பெண் அவள்.

துண்டறிக்கை அச்சானது. 'உயிர்மூச்சை விலை பேசும் கூட்டமே' என்று தலைப்பு. நீங்கள் படித்திருக்க வேண்டும். நல்ல எழுத்து, நானே சொல்லிக்கொள்ளக்கூடாது. நடுவில் ஒரு வரி: 'நானே என் கைகளால் அந்த இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது செம்பு அல்ல, துரோகம்.' இந்த வரியைப் படித்துவிட்டு அச்சகத்துக்காரன் அச்சு மெஷினையே நிறுத்திவிட்டான். அங்கமுத்தண்ணே, நெசமாவே திறந்தீங்களா என்றான். வரி எப்படி என்று கேட்டேன். வரி சூப்பருங்க என்றான். அப்புறம் என்ன.

திறக்கவில்லை. நான் எதற்குத் திறக்கிறேன்? எனக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கவே தெரியாது.

ஆர்ப்பாட்டத்துக்கு நாள் குறித்தேன். கடையில் ஆடித் தள்ளுபடி நடக்கிற நாளாகப் பார்த்துக் குறித்தேன், கூட்டம் இருக்கும் என்று. சேலத்துப் போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி கேட்டால், எதுக்குங்க ஆர்ப்பாட்டம் என்கிறார் அந்த எஸ்ஐ. ஜெனரேட்டருக்கு என்றேன். ஆதரிச்சா, எதிர்த்தா என்று கேட்கிறார். காலம் இப்படி ஆகிவிட்டது. தோழர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினேன். வந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம், எண்ணி முடித்தும் விரல் மிச்சமிருக்கும். பரவாயில்லை. எண்ணிக்கை முக்கியமில்லை என்று எழுதினவன் நான். மைக்செட் ரங்கண்ணன் மட்டும் பழைய பாசத்தில் ஒலிபெருக்கிக் குழாயோடு வந்துவிட்டான். ஆனால் கரண்ட் யார் கொடுப்பார்கள்? கடைக்கு எதிராகக் கத்துவதற்குப் பக்கத்துக் கடைக்காரன் பிளக் கொடுப்பானா?

அதை நான் முன்கூட்டியே யோசித்திருந்தேன். அதுதான் தலைமை. காட்சி மெஷினை வீட்டிலிருந்து கையோடு எடுத்து வந்திருந்தேன். அவன் கொடுத்த மெஷின். அவன் கடை வாசலிலேயே வைத்து, கயிற்றை இழுத்து, அந்தக் கரண்டில் மைக்கைப் பிடித்து, அவனையே பேசுவது. எதிரியின் ஆயுதத்தை எதிரிக்கு எதிராகத் திருப்புவது. ரங்கண்ணன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சிரித்து.

பாவாயியா? வீட்டில் இருந்தாள். நான் கிளம்பும்போது கரண்ட் இருந்தது. மெஷினை எடுத்துக்கொண்டு போகிறேன், சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்றேன். அவள் மெஷினையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "வெயிலுக்குத் துண்டு எடுத்துக்குங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்கு ஆட்சேபணை இருந்தால் சொல்லியிருப்பாளே.

அன்றைக்கு நான் பேசினது மாதிரி இருபது வருடமாகப் பேசியதில்லை தம்பி. குரல் அப்படியே பழைய குரல். தள்ளுபடிக்கு வந்த ஜனங்கள் பையோடு நின்று கேட்டார்கள். நாச்சிமுத்து கடையிலிருந்து எங்களுக்கு டீ கொடுத்தனுப்பினார். நான் குடிக்கவில்லை, அது ஒரு தந்திரம். ரங்கண்ணன் குடித்தான். கடைசியில் ஒரு வேகம் வந்தது. உங்களுக்கு மேடை அனுபவம் இருந்தால் தெரியும், பேச்சு தானாக ஒரு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். 'உங்கள் பிச்சை எங்களுக்கு வேண்டாம், எங்கள் உரிமை வேண்டும்' என்று சொன்னேன். சொன்ன கையோடு குனிந்து, அந்த மெஷினை அணைத்து, தூக்கி, அவன் கடைப் படியிலேயே வைத்தேன். திருப்பிக் கொடுத்தேன். கைதட்டினார்கள். கடைக்குச் சாமான் வாங்க வந்த ஜனங்களே கைதட்டினார்கள். ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக் காட்டினாள் என்னைப் பார்க்கச் சொல்லி. விருதைத் திருப்பிக் கொடுக்கிறவர்களைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அதற்குக் குறைந்ததா இது?

நாச்சிமுத்து வெளியே வந்து, "ஏனுங்கய்யா, அம்மாவுக்கு வேணுமல்லங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் நடந்தேன். அந்த நேரத்தில் பதில் சொன்னால் கூட்டத்தின் வீரியம் போய்விடும்.

வீட்டுக்கு வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. கரண்ட் மத்தியானமே போய்விட்டதாம். சிலிண்டரைத் திறந்துவிட்டிருக்கிறாள் பாவாயி, அது தீர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்கள் கட்டிலோடும் ஆக்சிஜன் மெஷினோடும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். எங்கே? கரண்ட் இருக்கிற இடம் அந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். ஊரே இருண்டாலும் தறி நிற்கக்கூடாது என்று லாரி அளவுக்கு டீசல் ஜெனரேட்டர் வைத்திருப்பவன் ஒருவன்தான். வையாபுரி பட்டறை.

கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு அறை, நூல் கட்டு அடுக்குகிற அறை, அதைக் காலி செய்து அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாகத் தெரிந்தது, மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் போய் மனுஷ நிறத்துக்கு வந்திருந்தது. வையாபுரியும் கிழவனாகிவிட்டான். தடி ஊன்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தான். "ஏப்பா அங்கமுத்து, உள்ள வாப்பா" என்றான். இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் பேசின முதல் வார்த்தை. நான் கேட்டைத் தாண்டவில்லை.

இன்றைக்கும் தாண்டவில்லை. தினமும் போகிறேன். ஜன்னலுக்கு வெளியே, ரோட்டு ஓரமாக நிற்பேன். அவள் உள்ளேயிருந்து பேசுவாள். தறிச் சத்தத்தில் பாதி கேட்காது. சாப்பிட்டீர்களா என்பாள். சாப்பிட்டேன் என்பேன். நீ எப்போது வருகிறாய் என்று கேட்டேன் ஒருநாள். மகள் வீட்டுக்கும் போக முடியாது, அது மூன்றாவது மாடி, அவளால் படி ஏற முடியாது. வீட்டுக்குத்தான் வர வேண்டும். "மெசினு சரியாயி வரட்டுங்க, அன்னிக்கே வந்தர்றேன்" என்றாள். பிறகு, "இங்க தறிச் சத்தத்துல நல்லாத் தூக்கம் வருதுங்க, பழகின சத்தமில்ல" என்றாள். அது என்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொன்னது. வேறென்ன.

ஆக, மெஷின் சரியாக வேண்டும். அவ்வளவுதான். மெஷின் சரியானால் பாவாயி வீட்டுக்கு வருவாள். இதில் வேறு எந்தச் சிக்கலும் இல்லை.

போர்டு வந்துவிட்டது தம்பி. சிரிக்காதீர்கள். கம்பெனியிலிருந்து போர்டு வந்து நாச்சிமுத்து கடை மேஜை மேலேயே இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன். மாட்ட மாட்டேன் என்கிறார்கள். ஏனென்றால் என் துண்டறிக்கை கம்பெனியின் பெரிய அதிகாரி வரைக்கும் போயிருக்கிறது. ஒரு வகையில் பெருமைதான். என் எழுத்து அவ்வளவு தூரம் போனதில்லை. அதில் அந்த வரியை அடிக்கோடு போட்டு அனுப்பியிருக்கிறான் அந்த அதிகாரி. வாங்கினவரே மெஷினைத் திறந்ததாக எழுதியிருக்கிறார், வெளி ஆள் திறந்தால் வாரண்டி கிடையாது, என்று.

நாச்சிமுத்து எனக்காகத்தான் பேசினார், அதையும் சொல்லிவிட வேண்டும். மூடியில் ஒட்டின கம்பெனி ஸ்டிக்கர் கிழியாமல் அப்படியே இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினாராம். அதிகாரி மசியவில்லை. எழுத்தில் சொன்னதை எழுத்தில்தான் மறுக்க வேண்டும் என்று ஒரு படிவத்தை அனுப்பிவிட்டான். இன்றைக்குப் போனபோது அதை என் முன்னால் வைத்தார்.

"ஒரே ஒரு வரிங்கய்யா. நான் மெஷினைப் பிரிக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா, டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள மாட்டிக் குடுத்தர்றேன்."

"அப்படியென்றால் என் துண்டறிக்கை பொய் என்று ஆகிறது" என்றேன்.

"அய்யோ, அப்படி யாருங்க சொன்னா? நீங்க பிரிக்கல. பிரிக்கலைன்னு எழுதறீங்க. இதுல பொய் எங்கீங்க இருக்குது?"

பார்த்தீர்களா, எவ்வளவு நயமாகப் பேசுகிறார்கள். வையாபுரியும் அன்றைக்கு இப்படித்தான். ஒரு வரிதானே என்றான்.

ஆனாலும் நான் எழுத உட்கார்ந்தேன் தம்பி. நீங்கள் நினைப்பது மாதிரி நான் கல் இல்லை. பாவாயி ஜன்னலில் நிற்பது மனசில் இருந்தது. பேனாவை வாங்கினேன். 'நான்' என்று எழுதினேன். அப்புறம் எழுத எழுத அது ஒரு பக்கம் ஆகிவிட்டது. பின்பக்கமும் திருப்பி எழுதினேன். நாச்சிமுத்து பொறுமையாகப் படித்தார். படித்துவிட்டு, இது நல்லாத்தான் இருக்குதுங்க, ஆனா பிரிக்கலைங்கறது எங்கேயும் வரலையே என்றார். இன்னொரு படிவம் கொடுத்தார். எழுதினேன். அதில் கம்பெனியைக் கண்டிக்கிற மாதிரி முடிந்துவிட்டது. மூன்றாவது படிவத்தில் கை எழுத வரவேயில்லை. ஜெயிலில் லத்தியடி வாங்கின கை இது, அப்போதெல்லாம் எழுத மறுத்தது கிடையாது. பேனாவைக் கீழே வைத்தேன். நாச்சிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. மூன்றாவது படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், மெஷினைக் கொடுங்கள் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் காட்சி மெஷினாவது இருக்கிறதா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். தள்ளுபடியில் வித்துப் போச்சுங்களே என்றார்.

இதோ இருக்கிறது, அந்தப் படிவம். பாருங்கள். வெறும் காகிதம்.

நீங்கள் எழுதுகிறேன் என்கிறீர்களா? எழுதுங்கள். உங்கள் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கும். சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். 'பள்ளிபாளையம் அங்கமுத்து ஆகிய நான், உழைக்கும் வர்க்கத்தின் நலன் கருதியும், பெருநிறுவனங்களின் சூழ்ச்சியால் ஏற்பட்ட நிர்ப்பந்தத்தின் பேரிலும்...' ஏன் நிறுத்திவிட்டீர்கள்? வேகமாகச் சொல்கிறேனா? வேண்டாமா அது. சரி, நீங்களே எழுதுங்கள், எது தோன்றுகிறதோ.

முடித்துவிட்டீர்களா? அதற்குள்ளா? கொடுங்கள். 'நான் மெஷினைப் பிரிக்கவில்லை.'

இவ்வளவுதானா? எவ்வளவு சின்னதாக இருக்கிறது பாருங்கள். இதைச் சுவரில் ஒட்டினால் எவன் நின்று படிப்பான்?

கையெழுத்தா, இப்போதா? பஸ் ஆடுகிறது தம்பி. ஆடுகிற பஸ்ஸில் போட்டால் கையெழுத்துச் சேராது, அதற்கும் ஒரு குறை சொல்வான் அந்த அதிகாரி. நாளைக்குப் போடலாம். நாளைக்கு மறுபடி இதைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு... பார்க்கலாம். பேனாவை வைத்துக்கொள்ளுங்கள்.

காவேரிக் காற்று வருகிறது. வந்துவிட்டோம். கண்டக்டர், பட்டறை ஸ்டாப். ஆமாம், இங்கேதான். வீட்டுக்கு இதைக் கொண்டுபோய் நான் என்ன செய்வது? வீட்டில் யார் இருக்கிறார்கள்? காலையில் கிளம்பும்போது ஜன்னலில் சொல்லிவிட்டுத்தான் போனேன், சரி செய்துகொண்டு வருகிறேன் என்று. சேலம் பஸ் வரும் நேரம் அவளுக்குத் தெரியும். அதோ, குழாயோடு எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் பாருங்கள்.

அந்தக் கைப்பிடியைப் பிடியுங்கள். ம், படி பார்த்து. அவள் பார்க்கட்டும், கொண்டுவந்துவிட்டேன் என்று. ஜன்னலிலிருந்து பார்த்தால் ஓடுகிற மெஷினும் ஓடாத மெஷினும் ஒன்றுபோலத்தான் தெரியும். மெதுவாக இறக்குங்கள். இப்படி இல்லை தம்பி, அந்தப் பக்கமாகத் திருப்பி வையுங்கள், அவளுக்குத் தெரிகிற மாதிரி.